இன்னொரு கடவுச்சொல்

...அதுதான் திறந்துவிட்டதே, கேட்ட கடவுச்சொல்லைச் சொன்னேன், மடிக்கணினி திறந்தது, தங்கை கல்யாணப் படங்களும் மின்கட்டண ரசீதுகளும் வரிசையாக நிற்கின்றன, பிறகு ஏன் இந்தப் போலீஸ் அதிகாரி திரையை விட்டுவிட்டு என்னையே பார்க்கிறார்... "இது முன்வாசல்மா. பின்வாசல் எங்கே?" சிரித்துக்கொண்டே கேட்கிறார். எந்தப் பின்வாசல் சார், இருப்பது ஒரே கடவுச்சொல்தான், வேறு இல்லை என்கிறேன். ஒரே வட்டுக்குள் இரண்டு அறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல், உள்ளறை இருப்பதை எந்தக் கொம்பனாலும் நிரூபிக்க முடியாது என்று சொல்லித்தானே அமைத்துக் கொடுத்தாள் அந்தக் கணினிக்காரி. அதற்குள்தான் பெயிண்ட் தொழிற்சாலைப் பெண்கள் பதினான்கு பேரின் வாக்குமூலம், நுரையீரல் கெட்ட கதை, வக்கீலுக்காக நான் தட்டச்சு செய்தது, பெயரோடு, வீட்டு முகவரியோடு... வெளியே தெரிந்தால் அவர்களுக்கு வேலை மட்டுமா போகும்? "இந்தப் படத்தையெல்லாம் ரெண்டு வருஷமா யாரும் தொடலை. ஆனா கீபோர்டுல எழுத்தே தேஞ்சு கிடக்கு. தினமும் எதைத்தான் தட்டுறீங்க, தங்கச்சி கல்யாணத்தையா?" ஐயோ, ஆள் குடியிருக்கிற வீடு மாதிரி வெளியறையை வைத்துக்கொள் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாளே, வாரம் ஒரு கடிதமாவது அதில் எழுதியிருக்கக் கூடாதா, பூட்டினால் போதும் என்று இருந்துவிட்டேனே...

பக்கத்து அறையில் நாற்காலி இழுபடும் சத்தம். அங்கே என் வீட்டுக்காரர். அவரிடமும் இதையேதான் கேட்கிறார்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு என்று நான்தான் முடிவு செய்தேன், பல்வலியைக்கூடப் பத்துப் பேரிடம் புலம்புகிற மனுஷன்... "சத்தியமா ஒண்ணுதான் சார், வேற இல்லவே இல்ல!" சுவரைத் தாண்டி வருகிறது குரல். எவ்வளவு உண்மையாகச் சொல்கிறார், நான் பொய்யாகச் சொன்னதும் ஏறக்குறைய இதே வார்த்தைகள்தானே. "ரெண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுறீங்க," என்று அதிகாரி சாய்ந்துகொள்கிறார், "உங்களுக்கு ஞாபகம் வர்ற வரைக்கும் வீட்டுக்காரர் இங்கயே இருக்கட்டும்." இல்லாத கடவுச்சொல்லை இல்லை என்று அந்த மனுஷன் எதைக் காட்டி நிரூபிப்பார்? சொல்லிவிடலாமா, பதினான்கு பேர்... பதினான்கு வீடு... நாக்கு நுனியில் வந்து நிற்கிறது அந்தச் சொல், "சார்" என்று தொடங்குகிறேன், அதிகாரி பேனா மூடியைக் கழற்றுகிறார்... இதையும் சொன்னால், மூன்றாவது எங்கே என்பார்.