ஆளில்லாத கோல்

2006 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, அபுதாபி முசஃபாவில் ஒரு கிடங்குக்குப் பின்னாலுள்ள மணல் மைதானத்தில், குளச்சல் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர் கால்பந்து அணி, அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றது.

அணியின் கேப்டன் ஞானசிங். வயது நாற்பது. சாரம் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். பந்து, வலை, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் ஏற்றிவர அவனிடம் கம்பெனி பிக்கப் இருந்ததால் அவனைக் கேப்டனாக்கினார்கள். வேறு தகுதி எதையும் யாரும் விசாரிக்கவில்லை. கோல் கம்பங்களும் அவன் கொண்டுவந்தவைதான். சாரக் குழாய்களைக் கிளாம்ப் போட்டு இணைத்தவை. கம்பெனிக் குழாயை அறுக்க முடியாது என்பதால் ஒவ்வொரு கோலும் இருக்கவேண்டியதைவிட இரண்டு அடி அகலமாக நின்றது. இரண்டு பக்கமும் அதே அகலம்தானே, இதில் யாருக்கு என்ன அநியாயம் என்று ஞானசிங் கேட்டான். நம் ஆள்கள் அந்தப் பக்கம் போனால்தானே அந்த அகலம் நமக்கு உதவும் என்றான் கோல்கீப்பர் ஈசா. ஒன்பது கோலையும் வலையிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் அவன். அவனுக்குப் பேச உரிமை இருந்தது.

அமீரகத்திலிருந்த தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து நடத்திய போட்டி அது. ஆறு அணிகள், அணிக்கு ஐந்து ஆட்டம். கோப்பையைப் பற்றி ஞானசிங்குக்குப் பெரிய ஆசை இல்லை. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு கோல். அதுவும் தன் பெயரில், நடுவரின் தாளில் ஏறிய கோல்.

காரணம் பழையது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஜெபகனியைப் பெண் பார்க்கப் போன வீட்டில், அவளுடைய அப்பா பேச்சுக்கு ஏதாவது கேட்கவேண்டுமே என்று, விளையாட்டு ஏதும் உண்டா என்று கேட்டார். கல்லூரி அணியில் சென்டர் ஃபார்வர்ட் என்று ஞானசிங் சொன்னான். அவர் பந்தாட்டப் பைத்தியம் என்று அவனுக்குத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எத்தனை கோல் என்று கேட்டார். மூன்று என்றால் குறைவு, ஐந்து என்றால் நம்பமாட்டார். நான்கு என்றான். பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்தக் காலால் அடித்தான் என்று ஒவ்வொன்றையும் அவர் கேட்டார். இவனும் சொன்னான். அந்த நான்கு கோலும் கல்யாணப் பந்தலிலும், பிறகு ஜெபகனி நர்ஸாக வேலை பார்த்த அபுதாபி மருத்துவமனையின் ஓய்வறையிலும் பலமுறை அடிக்கப்பட்டன.

உண்மையில் 1986இல் அந்த அணியில் பதினாறு பேர். ஞானசிங் பதினாறாவது ஆள். பருவம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கடைசி ஆட்டத்தில் ஒருமுறை கோச் இவன் பக்கம் திரும்பி உடம்பைச் சூடாக்கச் சொன்னார். கோட்டோரமாக இருபது நிமிடம் மேலும் கீழும் ஓடினான். ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைசி விசில் ஊதிவிட்டது. கோச் சொன்னது தன்னிடமில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் தெரிந்தது.

முதல் ஆட்டத்தில் கேப்டன் என்ற உரிமையில் சென்டர் ஃபார்வர்டாக நின்றான். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் மூச்சு வாங்கியது. மாற்று ஆட்டக்காரனைக் கூப்பிட வேண்டியது கேப்டன்தான் என்பதால், தன்னை வெளியே எடுக்கும் முடிவைத் தானே எடுத்தான். இரண்டாம் ஆட்டம் ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றை, இவன் தண்ணீர் குடிக்க வெளியே வந்த மூன்று நிமிடத்துக்குள் பிரைட் என்ற வெல்டர் அடித்துவிட்டான்.

மூன்றாம் ஆட்டத்துக்கு முன் பன்னீர்செல்வம் வந்து சேர்ந்தான். சவுதி ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் ஆறு வருடம் இருந்துவிட்டு முசஃபாவுக்கு மாற்றலாகி வந்தவன். 1986 அணியின் ரைட் பேக். ஞானசிங்கின் நான்கு கோலையும் பார்த்திருக்க வேண்டியவன் அவன்.

வந்ததும் இவன் தோளில் கைபோட்டு, "லே சிங்கு, நீ கேப்டனா? நல்லா இருக்குலே. இனி ஒன்ன பெஞ்சுல இருத்த எவனுக்கும் தைரியம் வராது," என்றான்.

பிரைட் இதைக் கேட்டுச் சிரித்தான். கேலி என்று நினைத்தான் போலிருக்கிறது. ஞானசிங்கும் சேர்ந்து சிரித்தான், கொஞ்சம் அதிகமாகவே.

பன்னீர்செல்வம் பின்னால் நின்று ஆட ஆரம்பித்ததும் தோல்வி இரண்டுக்குப் பூஜ்யமாகச் சுருங்கியது. அடுத்த ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று, சமன். மைதானத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பன்னீர்செல்வம் வந்ததால்தான் இந்த முன்னேற்றம் என்று அணி பேசிக்கொண்டது. ஞானசிங் கணக்காகப் பார்த்தான்: அந்த இரண்டு ஆட்டத்திலும் தான் மொத்தம் பதினொரு நிமிடம்தான் உள்ளே இருந்ததை யாரும் சொல்லாமல் விட்டது அவர்களுடைய நல்ல மனசு.

கடைசி ஆட்டம் 2007 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. எதிரணி கீழக்கரைப் பக்கத்துக் கல்லூரி. அதன் கேப்டன் சதக்கத்துல்லா அஜ்மானில் அத்தர்க் கடை வைத்திருப்பவர். ஜெபகனிக்கு அந்த வாரம் வெள்ளிக்கிழமை டியூட்டி இல்லை. ஆராதனை முடிந்ததும் சபை வேனில் நேராக மைதானத்துக்கு வருவதாகச் சொன்னாள். பன்னிரண்டு வருடம் கேட்டதை ஒருநாள் கண்ணால் பார்க்க வேண்டாமா என்றாள். அவள் கேலி செய்யவில்லை.

ஆறரைக்கு ஆட்டம் என்றால் அவளால் வர முடியாது. வராமலிருந்தால் நல்லதுதானே என்று ஒரு மனசு சொன்னது. ஆனாலும் அவள் பார்க்க ஒரு கோல் அடித்துவிட்டால் பழைய நான்கும் பாதி உண்மையாகிவிடும் என்று இன்னொரு மனசு சொன்னது. சதக்கத்துல்லாவுக்குப் போன் போட்டு, இந்த முறை சண்டே சர்வீஸ் முடிந்ததும் ஒன்பதரைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அவர் கொஞ்சம் யோசித்தார். பையன்களுக்கு லீவு கேட்கவேண்டும், பார்க்கிறேன் என்றார். அஜ்மானில் வெள்ளிக்கிழமையும் கடை திறப்பார்கள் போலிருக்கிறது என்று ஞானசிங் நினைத்துக்கொண்டான். மறுநாள் அவரே கூப்பிட்டு, எல்லாம் சரி, நாங்கள் தயார் என்றார்.

வளைகுடாவில் விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் கிறிஸ்தவர்கள் ஞாயிறு ஆராதனையை எப்போதோ வெள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. சண்டே சர்வீஸ், சண்டே ஸ்கூல், சண்டே ஸ்கூல் ஆண்டுவிழா எல்லாம் வெள்ளிக்கிழமைதான். ஞானசிங்கின் வாயில் அந்தச் சொல் பதினைந்து வருடமாக அப்படியே புழங்கிவந்ததால், அதற்குள் ஒரு கிழமை இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஜெபகனி வந்து பிக்கப்பின் நிழலில் உட்கார்ந்தாள். ஞானசிங் அணி மைதானத்தில் நின்றது. எதிரணியைக் காணவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. பத்து மணிக்கு நடுவர் பாஸ்கர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். விதி என்றால் விதி. அரை மணி நேரம் வராத அணிக்குத் தோல்வி. ஆனால் வந்த அணி வெறுமனே வீட்டுக்குப் போய்விட முடியாது. கேப்டன் நடுக்கோட்டிலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு போய் ஆளில்லாத கோலுக்குள் போடவேண்டும், நடுவர் விசில் ஊதவேண்டும், தாளில் கேப்டன் பெயருக்கு நேரே ஒரு கோல் எழுதவேண்டும். அந்தப் போட்டியின் வழக்கம் அது.

ஞானசிங் பந்தோடு கிளம்பினான். எதிரே ஒருவருமில்லை.

"ஆஃப்சைடு பாத்துக்கலே," என்று பன்னீர்செல்வம் பின்னாலிருந்து சொன்னான்.

பாதி வழியில் பந்து ஒரு கல்லில் பட்டு விலகியது. துரத்திப் பிடித்துக் கொண்டுவந்தான். பெனால்டி பாக்ஸுக்குள் நுழைந்ததும் நடந்தே போய் உள்ளே தள்ளியிருக்கலாம். ஜெபகனி பார்க்கிறாளே என்று பத்தடி தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். பந்து இடதுகம்பத்தின் உள்பக்கத்தில் இடித்து, குழாய் முழுக்க அதிர்ந்து, பிறகு உள்ளே போனது. பாஸ்கர் விசில் ஊதினார். ஈசா கைதட்டினான், அவன் ஒருவன் மட்டும்.

தாளில் 'ஞானசிங், 1' என்று பாஸ்கர் எழுதிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"என்ன கேப்டன், இத்தனை தடவை கூப்ட்டிருக்கிய?" என்றார் சதக்கத்துல்லா. ஞானசிங் விஷயத்தைச் சொன்னான். "இண்டைக்கா? சண்டேண்டு தானே சொன்னிய. ஒங்க வேதத்துக்கு விசேஷமான நாளு போலண்டு நெனச்சேன். பதினோரு பேருக்கும் ஞாயித்துக்கெழம அரைநாள் லீவு வாங்கி வச்சிருக்கேன். ஒவ்வொரு கபீல் மொதலாளிகிட்டயா போயி நிண்டு."

இப்போது கிளம்பினாலும் அஜ்மானிலிருந்து இரண்டு மணி நேரம். அதற்குள் ஜும்ஆ தொழுகை நேரமாகிவிடும். கோபமாகப் பேசினாலாவது பரவாயில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார்.

ஞானசிங் போனை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னான். பாஸ்கருக்கு இதற்கும் விதி இருந்தது. தப்பு தன்னுடையது என்று வந்த அணியின் கேப்டன் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இந்த ஆட்டம் செல்லாது, அவர்கள் கேட்ட நாளில் மறுபடி ஆடலாம். எழுதாவிட்டால் வெற்றி, மூன்று புள்ளி, ஆறாவது இடத்திலிருந்து நான்காவது இடம். எழுத வேண்டாம் என்றான் பிரைட். ஞாயிற்றுக்கிழமை நமக்கு யார் லீவு தருவார்கள் என்று கேட்டான். நியாயமான கேள்வி. பன்னீர்செல்வம் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

ஞானசிங் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தான். தன் பெயர், அதற்கு நேரே ஒன்று. அழகான கையெழுத்து. அதை ஜெபகனிக்கும் காட்டினான்.

அவள் வாசித்தாள். காலியாக நின்ற கோலைப் பார்த்தாள். "காலேஜ்லயும் இப்படித்தான் அடிச்சியளா?" என்றாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள்.

ஆமாம் என்று சிரித்து முடித்திருக்கலாம். பன்னீர்செல்வத்தின் கை கயிற்றில் நின்றதை ஞானசிங் கவனித்தான்.

"இல்ல," என்றான். "காலேஜ்ல இதுகூட இல்ல. நான் எறங்கவே இல்ல, ஜெபா. ஒரு மேட்ச்சுகூட."

ஜெபகனி அவனையே பார்த்தாள். "அப்பாகிட்ட எடதுகாலுன்னு சொன்னிய," என்றாள்.

"அதுவும் சும்மா சொன்னதுதான்."

அவள் தாளை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். அப்பாவிடம் நான் சொல்லமாட்டேன், ஊருக்குப் போகும்போது நீங்களே சொல்லுங்கள் என்றாள். பிறகு வேனில் இடம் போய்விடும் என்று கிளம்பிப் போனாள்.

ஞானசிங் பிக்கப்பின் பானெட்டில் தாளை வைத்து, தவறு தன்னுடையது, சண்டே என்று தான் சொன்னது வெள்ளிக்கிழமையை, என்று எழுதினான். பாஸ்கர் அந்த வாக்கியத்தை இரண்டுமுறை வாசித்துவிட்டுக் கோலை அடித்தார், பேனாவால்.

பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆட்டம் நடந்தது. ஞானசிங் அணியில் லீவு கிடைத்து வந்தவர்கள் எட்டுப் பேர். ஜெபகனிக்கு அன்று டியூட்டி. ஆள் பற்றாக்குறையால் ஞானசிங் தொண்ணூறு நிமிடமும் ஆடினான். கீழக்கரை அணி ஆறுக்கு ஒன்று என்று வென்றது. அந்த ஒன்றை அடித்தவன் பன்னீர்செல்வம். குளச்சல் அணி ஆறாவது இடத்தில் பருவத்தை முடித்தது.