காற்றுப் புகாத வீடு

அல்சீட் மிஷோவின் வீட்டைக் குறை சொல்வதும் அவர் தாயைக் குறை சொல்வதும் ஒன்றுதான். கல்யாணமான வருடம் அவரே மரம் வெட்டி, அவரே பலகை இழைத்து, அவரே ஆணி அடித்துக் கட்டிய வீடு. "குளிருதுய்யா" என்று மனைவி ஜெரால்டீன் முனகும்போதெல்லாம் அவரிடம் இருந்தது ஒரே பதில். "ஸ்வெட்டரப் போட்டுக்க." அவளும் போட்டுக்கொண்டாள். கல்யாணமான நாள் முதல் ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டுக்குள்ளேயே தொப்பியும் ஸ்வெட்டருமாக ரொட்டி சுட்டாள், பிள்ளை வளர்த்தாள், டிவி பார்த்தாள்.

போன பிப்ரவரியில் அவளுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. வடக்குப் பார்த்த அந்தப் படுக்கையறையில் இன்னொரு குளிர்காலம் படுத்தால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஜெரால்டீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, எல்லைப் பாலத்தைத் தாண்டி, ஆற்றுக்கு அக்கரையில் கனடாவில் இருக்கும் அக்கா ரோலாண்ட் வீட்டுக்குப் போனாள். கோடையில் தோட்டம் போடத் திரும்பி வந்தாள். செப்டம்பரில் முதல் உறைபனி விழுந்ததும் மறுபடி பெட்டியைக் கட்டினாள்.

"வீடு சூடாகட்டும், வரேன்," என்றாள் போகும்போது. "இல்லன்னா அக்காவோட பேத்தி ரூம் காலியாத்தான் கிடக்கு. நான் அங்கயே இருந்துக்கறேன்."

"எத்தன நாளைக்கு?"

"சாகற வரைக்கும்னு வெச்சுக்கயேன். இங்க இருந்தா அது சீக்கிரம் வந்துரும்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அல்சீடுக்குத் தெரியும். வாசலில் நின்று கார் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டிச் சம்பாதிக்கும் காசில் பாதி எண்ணெய் பாய்லரின் வாய்க்குள்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் சூடாக்க அவரிடம் வழியில்லை.

வழியையும் ஜெரால்டீனேதான் கண்டுபிடித்தாள். சுவருக்குள்ளும் பரணிலும் குளிரைத் தடுக்கும் பஞ்சு அடைப்பதற்கு மாநில அரசே பெரும்பகுதி மானியம் தருகிறதாம். பாய்லருக்குப் பதிலாக, கரண்டில் ஓடி வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைத்தால் அதற்கும் உண்டாம். நம் கையிலிருந்து போடுவதிலும் ஒரு பங்கை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமாம். முதலில் ஒருவர் வந்து வீட்டை அளந்து பார்க்க வேண்டும். போன் போட்டு அந்த ஆளுக்கு நாளும் குறித்துவிட்டாள்.

"நீ ஒன்னும் செய்ய வேணாம்," என்றாள் போனில். "அந்தம்மா வர்றப்ப வீட்டுல இரு, போதும். மத்தியானம் நானும் வந்துர்றேன்."

ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அது அக்டோபர் மாதம். பிள்ளைகளும் வயலில் இறங்கும் உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. கையையும் காலையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்க அல்சீடுக்குத் தெரியாது. போதாததற்குப் பக்கத்துப் பண்ணை லூசியன் காபி குடிக்க வந்து உட்கார்ந்தார்.

"கவர்மெண்ட் ஆளா வராங்க?" லூசியன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "போச்சு போ."

"ஏன்டா?"

"கவர்மெண்ட் ஆளு எதுக்கு வீட்டுக்குள்ள வருவான்? குத்தம் கண்டுபிடிக்கத்தான். மெஷின வெச்சு எங்கெங்க ஓட்டைனு படம் புடிப்பாங்களாம். உன் வீட்டப் படம் புடிச்சா சல்லடைதான் தெரியும்."

"யாரு வீடுடா சல்லட?"

"கோவப்படாத. போன ஜனவரியில உங்க வீட்டு ஹால்ல உக்காந்து சீட்டு ஆடினோமே, என் கையில இருந்த சீட்டு காத்துல பறந்து உன் மடியில விழல? அதுலதான நீ ஜெயிச்ச!"

லூசியன் போனதும் அல்சீட் நிலவறையிலிருந்து ஏணியை எடுத்தார். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கித் துடைப்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அளக்க வருகிறவள் தன் வீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கக் கூடாது. பாஸ் வாங்குகிற வீட்டுக்குத்தானே மானியம் கொடுப்பார்கள்?

அந்த வாரம் முழுக்க அவர் அடைத்தார். ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் இழுத்து ஒட்டினார். சுவரும் தரையும் சேருமிடத்தில் அகல டேப் ஒட்டி, அதன்மேல் சோபாவை நகர்த்தி மறைத்தார். சிலுவைக்குப் பின்னால் ஒரு விரிசல், காலண்டருக்குப் பின்னால் ஒன்று, எதையும் விடவில்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் போகும் ஓட்டையில் பழைய காலுறைகள் போயின. பரண் வாசலை அடைக்க எதுவும் போதவில்லை. கடைசியில் ஜெரால்டீன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் நீலக் கோட்டைச் சுருட்டித் திணித்தார். நிலவறையில் பாய்லருக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு துளை இருந்தது. அதையும் ஒரு மூட்டை குப்பைப் பைகளால் கெட்டியாக அடைத்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டார். தலை லேசாக வலித்தது. வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அளக்க வந்தவள் பெயர் வெரா ஹாஸ்கெல். கணீரென்ற குரல், வேகமான நடை. "மிஸ்டர் மிஷோ, உங்க மிஸஸ் போன்ல சொன்னதப் பாத்தா இங்க நிறைய வேல இருக்கும்னு தோணுது," என்று சொல்லிக்கொண்டே வாசல் கதவைத் திறந்து, நிலையில் சிவப்புத் துணி ஒன்றை இழுத்து மாட்டினாள். துணியின் நடுவே பெரிய மின்விசிறியைப் பொருத்தினாள்.

"இது என்னம்மா பண்ணும்?"

"வீட்டுக்குள்ள இருக்கற காத்த வெளிய தள்ளும். தள்ளத் தள்ள, ஓட்டை இருக்கற இடத்துல எல்லாம் வெளிக்காத்து உள்ள வரும். எவ்வளவு வருதுனு இந்த மீட்டர் சொல்லிரும். பாய்லர நிறுத்திட்டீங்கல்ல?"

"நிறுத்தியாச்சு."

விசிறி உறுமியது. அல்சீட் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரைச்சீலை அசையவில்லை. எங்கிருந்தும் ஒரு விசில் சத்தம் கேட்கவில்லை. வெரா மீட்டரைத் தட்டினாள். வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். விசிறியை நிறுத்தி மறுபடி போட்டாள்.

"ஆச்சரியமா இருக்கு," என்றாள் கடைசியில். "யாரு கட்டின வீடு?"

"நான்தான்."

"கைய குடுங்க. இவ்வளவு பழைய வீடு இவ்வளவு டைட்டா இருந்து நான் பாத்ததே இல்ல."

அல்சீடுக்குத் தலைகால் புரியவில்லை. இதைக் கேட்க லூசியன் பக்கத்தில் இல்லையே என்பதுதான் ஒரே குறை. கையைக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். வெரா விசிறியை அணைத்துவிட்டுத் தன் பையை மூடினாள்.

"அப்ப எனக்கு இங்க வேல இல்ல," என்றாள். "நல்ல சேதிதான், போங்க."

"வேல இல்லன்னா? மானியம்?"

"அது ஓட்டை வீட்டுக்குத்தான் மிஸ்டர் மிஷோ. மீட்டர் இந்தக் கோட்டுக்கு மேல போனாத்தான் திட்டத்துக்குள்ள வரும். உங்க வீடு கோட்டுக்கு ரொம்பக் கீழ இருக்கு."

"வரியில கழிக்கறது?"

"வேலைய செஞ்சு, காசு போட்டாத்தான் கழிக்க முடியும். இவ்வளவு டைட்டான வீட்டுல என்னத்த செய்யப் போறீங்க?"

"சும்மா கேக்கறேன். நானே என் காசப் போட்டு பஞ்சு அடைச்சு, ஹீட் பம்ப்பும் வெச்சா?"

வெரா ஒரு தொகை சொன்னாள். பஸ்ஸை ஒரு வருடம் ஓட்டினாலும் தேறாத தொகை. அல்சீட் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வாரம் முழுக்க ராப்பகலாக உழைத்துத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இன்னொரு வழியும் உடனே மனதில் வந்தது. மனிதன் என்றால் வரத்தானே செய்யும். ஜெரால்டீனிடம் மெஷின் சொன்னதை அப்படியே சொல்லிவிடலாம். 'வீட்டுல குத்தமே இல்லையாம், அந்தம்மாவே கையக் குடுத்தாங்க' என்று சொன்னால் அவள் நம்புவாள். நம்பிப் பெட்டியோடு வந்தும் விடுவாள். ஜனவரியில் அந்த வடக்கு அறையில், இரண்டு போர்வைக்குள் சுருண்டு, அவள் இருமுவாள். மூச்சை இழுக்கும்போது அவளிடமிருந்து வந்த அந்தச் சத்தம் பிப்ரவரியிலிருந்து அவர் காதைவிட்டுப் போகவே இல்லை. அந்த நினைப்பிலேயே அவருக்குப் பயம் வந்துவிட்டது. தன் வீட்டைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று காத்து வந்த மனிதருக்கு, இப்போது அந்தச் சொல்லைத் தானே சொல்லியாக வேண்டும்.

"ஏம்மா, அந்தப் பையத் திறங்க," என்றார். "மெஷின் சொல்றது பொய்."

"என்னது?"

"எல்லாத்தையும் நான் அடைச்சு வெச்சிருக்கேன். நீங்க பாத்து அசிங்கமா நினைக்கக் கூடாதுனு. வீடு குளிருது. கட்டின நாள்லேருந்தே குளிருது. நான் கட்டினது சரியில்ல. அதுல படுத்து என் பெண்டாட்டி செத்துப் பொழைச்சா."

வெரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மானியம் வாங்கறதுக்காக ஓட்டை போட்டு வெச்சவங்களப் பாத்திருக்கேன். மானியம் வேணும்னு ஓட்டைய அடைச்சவர இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றாள். "எங்கெங்க அடைச்சீங்க?"

அவர் சொல்லச் சொல்ல அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பாய்லர் பக்கத்துத் துளை என்று சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அத முதல்ல புடுங்குங்க! அது பாய்லர் மூச்சு விடற வழி. அத அடைச்சா விஷப்புகை வீட்டுக்குள்ள திரும்பும். தலவலி இருக்கா?"

"கொஞ்சம்."

"கொஞ்சத்தோட போச்சேனு கும்புட்டுக்குங்க!"

அல்சீட் நிலவறைக்கு ஓடினார். குப்பைப் பைகளைக் கத்தை கத்தையாகப் பிடுங்கினார். துளை வழியாகச் சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. தன் வீட்டுக்குள் புகும் காற்றை அவர் சந்தோஷமாக வரவேற்றது அன்றுதான். ஜெரால்டீன் வந்திருந்து, இருவருமாகப் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தவர், துளைக்குள் கையை விட்டு மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று துழாவினார்.

மேலே வந்தார். சமையலறைப் பின்கதவருகே ஜெரால்டீன் நின்றுகொண்டிருந்தாள். கையில் அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த இறைச்சிப் பணியாரம்.

"எப்ப வந்த?"

"மெஷின் பொய்னு சொன்னியே, அப்ப," என்றாள். பணியாரத் தட்டை மேஜைமேல் வைத்தாள். "அத இன்னொரு தடவ சொல்லு."

"எத?"

"தெரியாத மாதிரி நடிக்காத. குளிருதுனு சொன்னியே, அத."

அல்சீட் வெராவைப் பார்த்தார். அவள் திரும்பிக்கொண்டு விசிறியின் திருகைத் திருகுவதுபோல் பாவனை செய்தாள்.

"வீடு குளிருது ஜெரால்டீன்."

"இத சொல்ல ஒரு மனுசனுக்கு ஒரு ஆயுசு வேணுமா? எத்தன வருஷமாக் கத்தினேன்! எனக்கே கிறுக்குப் புடிச்சிருச்சு, ஊர்ல எவளுக்கும் குளிரல, எனக்குத்தான் குளிருதுனு நெனச்சுக்கிட்டு ஸ்வெட்டரா போட்டுத் தொலைச்சேன்." அவள் கண் கலங்கியிருந்தது. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"தப்புதான். மன்னிச்சுக்க," என்றார் அவர்.

பிறகு மூன்று பேருமாகப் பிடுங்கத் தொடங்கினார்கள். டேப் பர் பர்ரென்று கிழிந்து வந்தது. வெரா மறுபடி போட்டுவிட்ட விசிறி ஓட ஓட, ஒவ்வொரு அடைப்பாக எடுக்க, வீடு ஒவ்வொரு மூலையிலிருந்தும் விசிலடித்தது. காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. அல்சீட் ஏணியில் ஏறிப் பரண் வாசலிலிருந்து நீலக் கோட்டை உருவியதும் கோட்டும் தூசியும் எலிப்புழுக்கையும் ஜெரால்டீன் காலடியில் வந்து விழுந்தன.

"இது என் கோட்டுல்ல?"

"வேற எதுவும் சேரல."

"அட பாவி மனுசா! சர்ச்சுக்கு நான் எதப் போட்டுக்கிட்டுப் போவேன்?" என்று கத்தியவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அவள் அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வெரா மீட்டரைப் பார்த்தாள். இந்த முறை அதைத் தட்டவில்லை.

"மிஸ்டர் மிஷோ, மிஸஸ் மிஷோ, சொல்றேன்னு கோச்சுக்காதீங்க," என்றாள். "இந்த வருஷம் நான் அளந்ததுலயே இதுதான் மட்டமான வீடு."

"அப்பாடா!" என்றார் அல்சீட். அவர் வாயிலிருந்தா அந்தச் சொல் வந்தது என்று அவருக்கே நம்ப முடியவில்லை.

"மீட்டர் அந்தக் கோட்டுக்கு எவ்வளவோ மேல போயிருச்சு. உங்க வருமானத்துக்குப் பெரிய மானியமே கிடைக்கும். பஞ்சு, ஹீட் பம்ப், ரெண்டுக்கும் சேத்தே எழுதறேன். மிச்சத்துல ஒரு பங்க வரியில கழிச்சுக்கலாம். நீங்க பஸ் ஓட்டி வரி கட்டறதால அது உங்களுக்கு உபயோகமாவும் இருக்கும். ஆனா ஒன்னு. ஓகே வர்ற வரைக்கும் ஏணியத் தொடாதீங்க."

"ஏணிய அந்த லூசியனுக்கே குடுத்துர்றேன்," என்றார் அல்சீட்.

"கையிலேருந்து எவ்வளவு ஆகும்?" என்று ஜெரால்டீன் கேட்டாள். வெரா சொன்னாள். அல்சீட் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு குளிர்காலத்தில் பாய்லர் குடிக்கும் எண்ணெய்க்கு ஆகும் காசுதான். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவளும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிவிட்டது போல் அவருக்கு மூச்சு தாராளமாக வந்தது.

வெரா இரண்டு பணியாரத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். நவம்பர் கடைசியில் வரும் நன்றிப் பண்டிகைக்குள் வேலை முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குள் காற்று இன்னும் விருப்பம்போல் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தது. ஜெரால்டீன் போட்டு வந்த கோட்டைக் கழற்றாமல் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"ரோலாண்ட்? ஆமா, வந்துட்டுப் போயிட்டாங்க. வீடு பெயிலு. சுத்தமா பெயிலு!" அவள் குரலில் அத்தனை பெருமை. "இல்ல, வருத்தம் எதுக்கு? இன்னும் கொஞ்ச நாள்தான் உன் வீட்டுல. நன்றிப் பண்டிகைக்கு உன் பேத்திய வரச் சொல்லு. அவ ரூம் அவளுக்கு."

போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

"அக்கா கேக்கறா, நான் வீட்டுக்கு வர்றதுல உனக்குச் சந்தோஷமானு."

அல்சீட் வாயைத் திறந்தார். தலையை மட்டும் ஆட்டினார், நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அழறான்," என்றாள் ஜெரால்டீன் போனில்.