எட்டுக்கு நாலு பலகை

முதல் ஷிப்டு முடிந்து, வரதய்யபாளையத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய தாட்சாயணி, தெருமுனையிலிருந்தே தன் கட்டிலைப் பார்த்துவிட்டாள். அது கழற்றப்பட்டு, தலைமாட்டுப் பலகையும் கால்மாட்டுப் பலகையும் வாசல் சுவரில் சாத்தப்பட்டிருந்தன. அருகில் பீரோ, கண்ணாடியைத் தெருவுக்குக் காட்டியபடி நின்றது. அக்கம்பக்கத்து ஆட்டுக்கடா ஒன்று அந்தக் கண்ணாடியில் தெரிந்த தன் பகையாளியை முட்டித் தள்ள முயன்றுகொண்டிருந்தது.

அவள் பிறந்த பக்கத்தில் சீர்க்கட்டில் வாசலுக்கு வருவதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. பெண்ணை வேண்டாம் என்பவர்கள் அதை வாயால் சொல்லிப் பழியைச் சுமக்கமாட்டார்கள். கட்டிலைக் கழற்றி வெளியே சாத்துவார்கள். பெண் வீட்டார் வண்டி கொண்டுவந்து அதை ஏற்றிக்கொண்டு, கூடவே பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். பஞ்சாயத்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்காரம்மாள் கிருஷ்ணம்மா கேட்டருகே காத்திருந்தாள். தெலுங்கும் தமிழுமாகப் பேசுகிறவள். "ஏமிம்மா இதி? கல்யாணமாயி ஒரு வருசம்கூட முடியல. இன்னா தப்பு பண்ண? மனசு கேக்கல, உங்கண்ணனுக்குப் போன் போட்டுட்டேன். சத்தியவேட்டுல இருந்து கெளம்பிட்டாராம்."

"உன்ன யாரு போடச் சொன்னாங்க?"

"நல்லதுக்குக் காலமே இல்ல போ" என்று கிருஷ்ணம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே மட்டும் போகவில்லை.

அறைக்குள் அவள் புருஷன் கோவர்த்தனன் மண்டியிட்டிருந்தான். ஒரு கையில் சாக்பீஸ், மறு கையில் ஆணியில் கட்டிய நூல். பத்தடிக்கு ஒன்பதடியான அந்த அறை முழுக்கத் துடைத்து விடப்பட்டிருந்தது. தடாவிலிருந்து அன்று காலை வந்திறங்கிய எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை சுவரில் சாய்ந்து, இருந்த ஒரே ஜன்னலை மறைத்தது.

"இன்னாய்யா இது?"

"ஓரமா வா. கோட்ட மிதிக்காத."

தன் புருஷன் தன்னைத் துரத்தவில்லை என்பது அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததில் நிம்மதி எதுவும் வரவில்லை. அவன் வேலை செய்யும் கிடங்கில் புது ரேக்குகள் வரும்போதெல்லாம் தரையில் மஞ்சள் கோடு போடுவது அவன் பொறுப்பு. தரையை முழுதாகக் காலி செய்யாமல் கோடு போடக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தான். சீர்க்கட்டிலும் அவன் கணக்கில் ஒரு சரக்குதான். நகரிப் பக்கத்தில் அதே வழக்கத்தின் நடுவே பிறந்து வளர்ந்தவன், கழற்றிய கட்டிலை வாசலில் சாத்தும்போது அதை நினைக்கவேயில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் நான்கு மாதத்துக்கு முன் வந்த ஒரு பெட்டி. ஊர் திரும்பிய கொரிய மேனேஜர் ஒருவர், தம் பிள்ளைக்கு வாங்கிய மாடல் ரயிலை இவனிடம் தந்துவிட்டுப் போனார். உள்ளங்கை நீளத்தில் ஓர் எஞ்சின், மூன்று பெட்டிகள், வளைந்தும் நேராகவும் தண்டவாளத் துண்டுகள். அன்றிலிருந்து கோவர்த்தனன் கட்டம்போட்ட நோட்டில் வரைந்து வரைந்து அழித்தான். சோறு தின்னும்போதும் தட்டோரமாக விரலால் வளைவு போட்டான். ரயில் ஒரு முறை திரும்பவே இரண்டே முக்காலடி அகலம் வேண்டும், அதற்குக் குறைந்தால் பெட்டி தடம் புரளும் என்று அவளிடம் பத்து முறை சொல்லியிருந்தான். பத்து முறையும் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் குனிந்து, தரையில் விரிந்திருந்த நோட்டைப் பார்த்தாள். பலகை இருந்தது. அதன்மேல் இரண்டு சுற்றுப்பாதைகள், இரண்டு ஸ்டேஷன்கள், ஒரு குகை. கதவு திறக்கும் வளைவைக்கூடப் புள்ளிக்கோட்டில் காட்டியிருந்தான். பீரோ மூலைக்கு நகர்ந்திருந்தது. பலகையின் நடுவில் ஒரு சதுரம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"இது இன்னா ஓட்ட?"

"ஆள் நிக்கற எடம். கை ரெண்டடிக்கு மேல எட்டாது இல்ல? நடுவுல நின்னாத்தான் எந்தப் பக்கம் புரண்டாலும் எடுத்து வெக்கலாம்."

"எத்தினி பேரு நிக்கலாம்?"

"ஒரு ஆளு."

"கட்டிலு எங்க?"

அவன் முதல் முறையாகத் தலை நிமிர்ந்தான். "அதையும் போட்டா கதவு தெறக்காது. பலகை இடுப்பு உசரத்துக்கு நிக்கும். அடியில மூணடி சும்மாதான கெடக்குது? பாயப் போட்டுக்கினா தாராளமா ரெண்டு பேரு படுக்கலாம். கட்டில மொட்டமாடில..."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. அவளுடைய அண்ணன் முனிகிருஷ்ணன் இறங்கினான். கட்டிலைப் பார்த்தான், பீரோவைப் பார்த்தான், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"இன்னா மாப்ள, ஆளு அனுப்பி சொல்ல மாட்டியா? நேரா தெருவுல தூக்கிப் போட்டுட்ட?"

"மச்சான், கோடு!" என்றான் கோவர்த்தனன். முனிகிருஷ்ணனின் செருப்பு ஒரு ஸ்டேஷனை அழித்திருந்தது.

"இன்னாடா கோடு?"

கோவர்த்தனன் விளக்கினான். தரையைக் காலி செய்யாமல் அளக்க முடியாது என்பதையும், அளக்காமல் பலகையை அறுத்தால் வீணாகிவிடும் என்பதையும் பொறுமையாகச் சொன்னான். பொறுமையே அவனைக் கெடுத்தது. கோபப்பட்டிருந்தால் முனிகிருஷ்ணன் ஓர் அறை விட்டுச் சமாதானம் பேசியிருப்பான். பலகைக்கு அடியில் பாய் என்ற இடம் வந்தபோது அவன் முகம் கறுத்தது.

"எந்தங்கச்சி ரயிலுக்கு அடியில படுக்கணுமா?"

"பலகைக்கு அடியில, மச்சான்."

"எல்லாம் ஒண்ணுதான்டா! ஊர்ல இத எப்படிச் சொல்லுவேன்? கோவர்த்தனன் பொண்டாட்டி ரயிலுக்கு அடியில படுத்துக்கினு கெடக்கறாள்னா?"

ஜன்னலுக்கு வெளியே, பலகைக்கு அப்பால், கிருஷ்ணம்மாவின் சிரிப்பு கேட்டது. தாட்சாயணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு சொல் போதும், அண்ணன் அடங்கிவிடுவான். "அவரு என்ன வெரட்டல, வெறுமனே அளந்துக்கினு இருந்தாரு" என்று சொன்னால் போதும். ஆனால் தன்னைக் கணக்கிலேயே எடுக்காத ஒருவனுக்காக அதை ஏன் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. துரத்துகிறவனாவது ஒருத்தி இருக்கிறாள் என்று எண்ணித்தானே துரத்துகிறான்?

இருந்தும் ஒரு வாய்ப்பு கொடுத்தாள். சாக்பீஸை அவன் கையிலிருந்து பிடுங்கிக் கட்டில் கிடந்த இடத்தில் ஆறுக்கு நாலாக ஒரு கட்டம் கிழித்தாள். பிறகு எதிர்ச்சுவரைக் காட்டினாள்.

"கட்டிலு இங்க. அந்தச் சொவுத்துல ஒரு அடி அகலத்துக்கு நீட்டமா பலகை அடிச்சிக்கோ. பத்தடி இருக்குது. உன் ரயிலு இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போவட்டும், திரும்பி வரட்டும்."

கோவர்த்தனன் சுவரைப் பார்த்தான். ஒரு நிமிடம் அவன் மனம் அதை அளந்ததை அவள் கண்டாள். பிறகு தலையை ஆட்டினான்.

"போயி வந்தா அது ரயிலா? நாளெல்லாம் நான் சரக்கு வண்டிய வெச்சிக்கினு மஞ்சக் கோட்டுக்குள்ள போயி வந்துக்கினுதான் இருக்கேன். இதுவாச்சும் நிக்காம சுத்தட்டும், தாட்சாயணி."

அதில் பொய் இல்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அவளும் எட்டு மணி நேரம் நின்ற இடத்தில் நின்று, முன்னால் நகரும் பட்டையில் வருவதற்கெல்லாம் ஸ்குரூ முடுக்கிவிட்டு வருகிறவள்தான். படுக்க ஓர் இடம் கேட்டால் அது குற்றமா?

"கேட்டுக்கினியா?" என்றான் முனிகிருஷ்ணன். "கெளம்பு. கட்டில ஏத்தறேன்." வாசலுக்குப் போய், டிரைவரைக் கூப்பிட்டுத் தலைமாட்டுப் பலகையைத் தூக்கி வண்டியில் வைத்தும் விட்டான்.

"அத எறக்கு" என்றாள் தாட்சாயணி.

"இன்னாமே சொல்ற?"

"எறக்குன்னேன். நான் எங்க வரது? காலையில அஞ்சே காலுக்கு எனக்கு பஸ்ஸு. இந்த வீட்டப் புடிச்சதே என் பஸ்ஸு இங்க நிக்குதுன்னுதான். சத்தியவேட்டுல வந்து உம்பொண்டாட்டி கையால துன்னுக்கினு உக்காந்திருக்கவா?"

"அப்ப வண்டி எதுக்கு வந்துச்சி? சும்மா திரும்பறதா?"

"சும்மா போவ வேணாம்" என்றாள். "பலகைய ஏத்து."

முனிகிருஷ்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாய்கொள்ளாமல் சிரித்தான். டிரைவரும் அவனுமாகப் பிளைவுட்டைத் தூக்கினார்கள். ஜன்னல் வெளிச்சம் திடீரென்று அறைக்குள் விழுந்து, சாக்பீஸ் கோடுகள் பளிச்சிட்டன. கோவர்த்தனன் தடுக்கவில்லை, கெஞ்சவுமில்லை. "ஓரம் இடிபடாம, ஓரம் இடிபடாம" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினான். பலகை ஏறியதும் உள்ளே வந்து ரயில் இருந்த பெட்டியையும் நோட்டையும் எடுத்தான். அவற்றை அவள் கையில் கொடுத்து, சரி, சுவரிலேயே அடிக்கிறேன் என்று சொல்லப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிறகு தன்னையே ஏசிக்கொண்டாள்.

அவன் வண்டியில் ஏறிப் பலகைமேல் உட்கார்ந்தான்.

"எங்கடா வர?" என்றான் முனிகிருஷ்ணன். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"உங்க மாட்டுக்கொட்டாய் பதினெட்டுக்குப் பன்னண்டு இருக்கும் இல்ல, மச்சான்? பொங்கலுக்கு வந்தப்ப அடி வெச்சி அளந்து பாத்தேன்."

முனிகிருஷ்ணன் தங்கையைப் பார்த்தான். துரத்தப்பட்ட தங்கையை அழைத்துப்போக வந்தவன், துரத்தப்பட்ட மாப்பிள்ளையை என்ன செய்வதென்று அறியாமல் நின்றான்.

"இட்டுக்கினு போ" என்றாள் தாட்சாயணி. "எடம் பத்தலன்னா மாட்ட இங்க அனுப்பு. அதுவாச்சும் மொகம் பாக்கும்."

வண்டி திரும்பியது. கோவர்த்தனன் இரண்டு கைகளாலும் பலகையின் ஓரங்களைப் பிடித்திருந்தான். கைவிட்டு அவளிடம் ஒரு சைகை காட்டக்கூட அவனால் முடியவில்லை, அல்லது தோன்றவில்லை.

அவள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தரையை இரண்டு முறை கழுவினாள். கிருஷ்ணம்மா கேட்காமலே வந்து பீரோவுக்கு ஒரு கை கொடுத்தாள். இருவருமாகக் கட்டிலை உள்ளே சேர்த்து நிமிர்த்திப் பிடித்தபோதுதான், சட்டங்களை முடுக்கும் எட்டு போல்ட்டுகளில் ஒன்றுகூட இல்லை என்பது தெரிந்தது. வாசலிலும் தேடினார்கள். தாட்சாயணி போனை எடுத்தாள்.

"போல்ட்டு எங்கய்யா?"

காற்றிரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. "பாக்கெட்ல இருக்குது. தொலஞ்சிடப் போவுதுன்னு நான்தான் எடுத்து வெச்சேன். நாளைக்கு ஷிப்டு முடிச்சி எடுத்துக்கினு வரட்டுமா?"

கிருஷ்ணம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணங்கிட்ட குட்த்து அனுப்பு" என்றாள் தாட்சாயணி. "போல்ட்டு மட்டும் வந்தா போதும்."