கூடையில் மிஞ்சியது

நெட்டை ஃபிட்டரும் நர்ஸம்மாவும் வந்து உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு சுற்று டீ போயிருந்தது. மூன்றாவதுக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, அவள் சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் இரண்டும் காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தன. கூடத்தில், அவள் கணவரின் கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்புப் பெட்டியை இழுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். வடம் இழுக்கும் கயிறு, சாக்குகள், பிடி வளைந்த ஸ்பூன்கள், கறுத்துப்போன விசில். மில்லை மூடி இருபத்தாறு வருஷம் ஆகிறது. குடியிருப்பை இடித்து அந்த இடத்தில் வேறு என்னவோ கட்டிவிட்டார்கள். இந்தப் பெட்டி மட்டும் வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்தது. அதன் கீழே பெருக்க ஒவ்வொரு வாரமும் குனிகிறவள் அவள்தான்.

விஷயம் இதுதான். பழைய மில்காரர்கள் மிச்சம் இருக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து, இன்னொரு தடவை விளையாட்டு தினம் நடத்தப் போகிறார்கள். அந்தக் காலத்தில் வருஷத்தில் ஒரு நாள் பாய்லரைச் சுத்தம் செய்ய அணைப்பார்கள். மூன்று ஷிப்டுக்கும் ஒன்றாக விடுமுறை கிடைக்கிற ஒரே நாள் அது. குடும்பம் குடும்பமாக ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். சாக்கு ஓட்டம், வடம் இழுத்தல், பெண்களுக்கு லெமன் ஸ்பூன், மர நிழலில் பாய் விரித்துச் சாப்பாடு, ஒரு தூக்கம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஃபிட்டருக்குக் கண் கலங்கிவிடும். ஆறரை அடி மனிதர் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

அவளுக்கு அந்த நாள் வேறு மாதிரி. கணவர் டைம் ஆபீஸ் கிளார்க், சங்கத்துக்குச் செயலாளர், மைக் அவர் கையில். ஆகவே அடுப்பு அவள் கையில். யாரும் கேட்கவுமில்லை, அவள் சரி என்று சொல்லவுமில்லை, அப்படியே படிந்துவிட்டது. கோழி கூவும் முன் எழுந்து இருநூறு பேருக்கு வடித்து, பொட்டலம் கட்டி, ஏரிக்கரையில் தகரக் கொட்டகையின் கீழே மறுபடி அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு ஜூஸ் பிழிந்து, கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது கூட்டம் கலைந்துகொண்டிருக்கும். பதினெட்டு வருஷம் போயும் அந்த ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஊரே விடுமுறை கொண்டாட ஒருத்தி உழைக்க வேண்டியிருந்தது, அந்த ஒருத்தி அவள், அவ்வளவுதான்.

"அண்ணே, அந்த உருளைக்கிழங்கு ஓட்டம் ஞாபகம் இருக்கா?" என்று ஃபிட்டர் ஆரம்பித்தார். ஆரம்பிப்பார் என்று தெரியும். யார் வீட்டு விசேஷத்தில் பார்த்தாலும் அந்தக் கதை வராமல் இருக்காது. லெமன் ஸ்பூனுக்கு என்று தனியாக வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தையும் சேர்த்து அண்ணி ஜூஸ் போட்ட கதை. "போட்டிப் பழத்தை எல்லாம் எங்க வீட்டம்மா பிழிஞ்சுட்டாங்க, குடிச்சவங்க எல்லாரும் ஜெயிச்ச மாதிரிதான்" என்று அண்ணன் மைக்கில் அறிவித்த கதை. ஏரிக்கரையே விழுந்து விழுந்து சிரித்ததாம். இப்போதும் கணவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அவளும் ஊரோடு சேர்ந்து முப்பது வருஷமாகச் சிரித்துவிட்டாள். அவர்கள் சொல்லாத மீதிக் கதை அவளிடம் இருந்தது. அந்த வருஷம் அவள் ஓடப் பெயர் கொடுத்திருந்தாள். மில் ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான், "ஒரு அரை மணி நேரம் கரண்டிய நான் பிடிக்கிறேன், நீ போய் ஓடு" என்று பட்டியலில் எழுதிக்கொண்டாள். கமிட்டிக்காரர் வீட்டார் போட்டியில் நிற்பதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தது. பரிசைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள் என்று பேச்சு வந்துவிடக் கூடாதாம். அதனால் கணவரிடம் மூச்சு விடவில்லை. அவர் ஷிப்டுக்குப் போனபிறகு குடியிருப்பின் பின்கட்டு நடையில், ஸ்பூனைப் பல்லில் கடித்துக்கொண்டு, பதினைந்து நாள் நடந்து பழகினாள். பழம் விழாமல் கோடி வரை போய்த் திரும்பிய அன்று தனியாக நின்று சிரித்தாள்.

ஓடப் போகிற நினைப்பிலேயே கை தன் பாட்டுக்குப் பிழிந்தது. எந்தப் பை எதற்கு என்று பார்க்கவில்லை. பிறகு மைக்கில் அந்த அறிவிப்பு, அந்தச் சிரிப்பு. அவள் கொட்டகைக்கு ஓடி, பழத்துக்குப் பதிலாக உருண்டையாய், ஒரே அளவாய்ப் பன்னிரண்டு உருளைக்கிழங்கு பொறுக்கி, மண் போகக் கழுவி, கூடையில் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். கோட்டில் நின்ற பதினோரு பேருக்கும் வரிசையாகக் கொடுத்தாள். பன்னிரண்டாவதை எடுக்கக் குனிந்தபோது விசில் ஊதியது. ஊதியவர் கணவர். பதினோரு பெண்கள் போய்விட்டார்கள். கூடையில் ஒன்று கிடந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அதைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்த் தோல் சீவிக் குழம்பில் நறுக்கிப் போட்டாள். நர்ஸம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சமையல் வழக்கம்போல அண்ணி பொறுப்பு," என்று ஃபிட்டர் முடித்தார். "எண்பது பேர்தான். உங்க கை ருசிக்காகவே வர்றவங்க இருக்காங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அவள் போய் அணைக்கவில்லை.

"என்னால முடியாது," என்றாள்.

கணவர் கையை வீசினார். "என்னம்மா நீ, இருநூறு பேருக்கு அசால்ட்டா செஞ்சவ."

"அப்பவும் முடியலைங்க. செஞ்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படத் தெம்பு இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். ஃபிட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். சாப்பாட்டைக் கடையில் சொல்லிவிடலாம் என்று முனகினார்.

"லெமன் ஸ்பூன் வெச்சிருக்கீங்கல்ல," என்றாள். "அதுல நான் நிக்கறேன்."

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய முட்டியை நினைவுபடுத்தினார், வயசை நினைவுபடுத்தினார், கமிட்டிக்காரர் வீட்டு வழக்கத்தையும் விடவில்லை. நர்ஸம்மா அதற்குள் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றியிருந்தாள்.

"எழுதியாச்சு," என்றாள் நர்ஸம்மா. "அன்னைக்கும் நான்தான் எழுதினேன்."

"என்னைக்கு?" என்றார் கணவர்.

அவர் மனைவியைப் பார்த்தார்.

"உருளைக்கிழங்கு அன்னைக்கு," என்றாள் அவள். "பன்னெண்டாவது ஆளு நான்தான். கூடையோட நின்னேன். நீங்க ஊதிட்டீங்க."

மைக் பிடித்த மனிதர் பெட்டிக்குள் துழாவினார். விசிலைக் கையில் எடுத்து, அதில் ஏதோ அடைத்திருக்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் உள்ளே போய் அடுப்பைத் துடைத்தாள். மூன்றாவது டீ அன்றைக்குக் கிடையாது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அடுத்த நாள் மதியம். சாப்பாடு முடிந்து, பாத்திரம் முடிந்து, துவைத்ததை மடிப்பதும் முடிந்து, அவள் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஸ்பூனைக் கழுவினாள். பிடியைக் கடித்தாள். முன்பல் ஒன்று இல்லாததால் சற்றுத் தள்ளிக் கடிக்க வேண்டியிருந்தது. எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறையிலிருந்து வாசல்வரை நடந்தாள். முதல் தடவை அலமாரி அருகில் விழுந்தது. இரண்டாவது தடவை கட்டிலருகில். ஒவ்வொரு தடவையும் குனிந்து எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. இதெல்லாம் எதற்கு என்றுகூடத் தோன்றியது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று பயந்து உட்காரவில்லை.

மூன்றாவது தடவை பாதி தூரம் போயிருந்தபோது கணவர் கூடத்து நாற்காலியிலிருந்து, "இந்தாம்மா, தண்ணி கொண்டா," என்றார்.

வாயில் ஸ்பூன் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கூப்பிட்டு அவள் குரல் கொடுக்காதது இதுதான் முதல் தடவை. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு திரும்பிப் பார்த்தார். அவள் பழத்தின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், ஒரு கால், இன்னொரு கால் என்று கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தாள். பழம் லேசாக ஆடியது. வாசலுக்கு இன்னும் பத்தடி இருந்தது. நடுவில் அவர் நீட்டி வைத்திருந்த கால்கள் இருந்தன, சாய்த்து வைத்த கைத்தடி இருந்தது.

அவர் தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வலிக்கிற காலை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக, நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.