எண்ணெயில் இரண்டு சிட்டிகை

வடிகட்டிய துணியை மொக்கைச்சாமி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். எண்ணெய் வடிந்த இடத்தில் சாம்பல் நிறமாக ஏதோ படிந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். நறநறவென்றது. பஞ்சுத் தூசி இப்படி நறநறக்காது. கரி என்றால் மாவாக நசுங்கிவிடும். இது மண். மண்ணுக்கு நடுவே எண்ணெயில் ஊறிய அரளி இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

தேனியில் அய்யாத்துரை முதலாளியின் பஞ்சு அரைக்கும் பாக்டரி அன்று காலையில்தான் நின்றுபோயிருந்தது. தூத்துக்குடியில் உடைத்த ஒரு சின்னக் கப்பலின் வயிற்றிலிருந்து பிடுங்கி வந்த டீசல் இன்ஜின் அது. பெரிதாக ஒருமுறை முனகியது, பேரிங் உருகி அப்படியே இறுகிக்கொண்டது. மொக்கைச்சாமி கப்பலில் இதே மாதிரி இன்ஜினுக்கு எண்ணெய் பார்த்தவன் என்றுதான் அவனை வேலைக்கு வைத்திருந்தார்கள். அங்கே எண்ணெயைத் தயிர் கடைவது போலச் சுழற்றி அழுக்கைப் பிரிக்க ஒரு மெஷின் இருந்தது. இங்கே அதற்கெல்லாம் வழியில்லை. உலகச் சண்டை வந்தபின் புது எண்ணெய் கண்ணில் பார்க்கவே கிடைக்கவில்லை. பழசையே டின்னில் தெளியவைத்து, மேலாக இறுத்து, துணியில் வடித்து மறுபடி ஊற்றவேண்டும். வீட்டில் குடிக்கிற தண்ணீரைக்கூட இந்த மனுசன் இப்படி வடித்ததில்லை என்று அவன் பெண்டாட்டி கருத்தம்மாள் கேலி பேசுவாள்.

கேலிக்குப் பின்னால் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அவள் தம்பி சுருளியாண்டி மச்சான் மொக்கைச்சாமியோடு கப்பலுக்குப் போனவன். குண்டு விழுந்து கப்பல் முழுகியதில் மச்சான் மட்டும் ஒரு கால் விளங்காமல் திரும்பினான். வந்த அன்றே அவன் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து, இனிக் கடலுக்குப் போவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நொண்டிக் காலோடு வயலில் இறங்க முடியாது. இந்த இன்ஜின் ஓடும்வரைதான் அந்தச் சத்தியத்துக்கு உயிர்.

இப்போது அரளி இதழைப் பார்த்தபோது போன வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. கருத்தம்மாள் சுருளி மலைக் கோயிலுக்குப் போய்விட்டு, கூந்தலில் அரளிப் பூவோடு நேராகச் சோற்றுச்சட்டியைக் கொண்டுவந்தாள். அளவு பார்க்கத் திறந்த எண்ணெய்த் தொட்டியை மூடாமல் அவன் கை கழுவப் போனான். பஞ்சு பறக்கும் இடத்தில் மூடியைத் திறந்து போடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன்.

முதலாளி துணியைப் பார்த்தார். "மண்ணு எப்படிய்யா விழுந்துச்சு?"

"மூடிய நாந்தான் மொதலாளி தொறந்து போட்டுட்டேன்."

"ஒன்ன நம்பித்தானப்பா விட்டேன். இந்தச் சண்டையில பேரிங்குக்கு நான் எங்கன போவேன்?"

அவர் திட்டியிருந்தாலாவது தேவலை. பாக்டரியை மூடப் பூட்டை எடுத்துவரச் சொன்னார். எண்ணெயில் மண் விட்டவன் என்ற பெயர் போடிவரை அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. எந்தப் பாக்டரியிலும் வாசல்படி ஏறவிடவில்லை.

பாக்டரியைப் பூட்டிய அன்று சாயங்காலம் பழனிசெட்டிபட்டி வீட்டுக்கு வந்தவன் வாய் திறக்குமுன் கருத்தம்மாள் முந்திக்கொண்டாள்.

"மெஷினு நின்னுபோச்சுன்னு சொன்னாக. பயப்படாதீக, ஓடிரும். அன்னைக்கு நீங்க கை கழுவப் போனப்ப சுருளிக் கொகைத் திருநீற அந்த எண்ணெய்க்குள்ள போட்டிருக்கேன். அது ஓடுனாத்தான ஓங்களக் கடலு கூப்புடாது."

சுருளிக் குகைத் திருநீறு கடைத் திருநீறு போல நைசாக இருக்காது. மலை கொடுக்கிற வெள்ளை மண் அது. அதில் மணலும் கலந்திருக்கும். அதுதான் பேரிங்கைத் தின்றது என்று அவனுக்கு வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தான். தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவள். அவள் தலையில் இதையும் ஏற்றினால் தாங்கமாட்டாள்.

"இன்ஜினு பழசு ஆத்தா. அம்புட்டுத்தான்," என்றான்.

அவன் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குக் காரணம் சொல்லவேண்டி வந்திருக்கும்.

அரிசிப் பானை கவிழ்கிற நாள்வரை இருவரும் பொறுத்துப் பார்த்தார்கள். சண்டைக் காலத்தில் கப்பல்காரன் காலைப் பார்ப்பதில்லை, தலையைத்தான் எண்ணுகிறான். வரச்சொல்லித் தூத்துக்குடியிலிருந்து ஆள் வந்தபோது கருத்தம்மாள் சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

தேனியில் கரிப்புகை கக்கிக்கொண்டு பஸ் நின்றது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தத் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். அவன் தலையைக் குனிந்தான். அவள் விரல் நெற்றியில் இழுபட, நறநறவென்று அதே மண். கண்ணை மூடிக்கொண்டான்.

"மிச்சத்தையும் வச்சுக்கங்க. அங்கனயும் எண்ணெதான பாப்பீக, அந்த இன்ஜினுக்கு மறக்காம ரெண்டு சிட்டிக போடுங்க. இங்கன நான் கொறச்சுப் போட்டுட்டேன் போல," என்றாள்.

"சரித்தா."

இரண்டு கையாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவன் பஸ்ஸில் ஏறினான்.