முதல் ஆள் இல்லாத வரிசை

“முதல் ஆளும் கிடையாது, கடைசி ஆளும் கிடையாது. அப்படி ஒரு வரிசையில நான் நின்னிருக்கேன். முன்னூறு பேர். அஞ்சு சுத்து சுத்தினோம். கடை மட்டும் வரவே இல்ல” என்றார் லிஃப்ட்காரர், பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி.

பிஸ்கட் பாதியில் முறிந்து கோப்பைக்குள் விழுந்தது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்த மூன்று பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மனைவி ஜன்னலைப் பார்த்தாள். மச்சான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மகள் கையில் ஞாபகச் சோதனைக் கேள்வித்தாள் ஒன்றும் பேனாவும் இருந்தன. தாளில் பதினான்காவது கேள்விக்கு நேரே பேனா முனை நின்றது. லிஃப்ட்காரருக்கு எழுத்துகளைத் தலைகீழாகப் படிக்கத் தெரியும். நாற்பது வருடம் லிஃப்ட் கூண்டின் மேல் குப்புறப் படுத்து வேலை பார்த்தவருக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? ‘நடக்காத ஒன்றை நடந்ததாக உறுதியாகச் சொல்கிறாரா?’ என்று அதில் அச்சடித்திருந்தது.

அவர் வாயைத் திறந்தால் ஐந்து ஐம்பதாகும் என்பது குடும்பத்துக்குப் புதிதல்ல. ஓடாத லிஃப்டை வெறும் கையால் ஒன்பதாவது மாடிக்கு இழுத்தது, நடு வழியில் நின்ற கூண்டுக்குள் நிச்சயதார்த்தமே நடத்தி வைத்தது என்று அவர் அவிழ்த்துவிட்டதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள்தான் மகள். ஆனால் போன மாதம் அவர் மூன்றாம் மாடி அம்மாளின் பெயரை மறந்துபோய் நின்றார். அன்றிலிருந்து அவள் கதைகளை வேறு காதால் கேட்கத் தொடங்கிவிட்டாள். இப்போது மேசையின் நடுவில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சாவி கிடந்தது. இந்தக் கட்டடத்து மொட்டை மாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறையின் சாவி. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் இடுப்பை விட்டு இறங்காத அதை, அவளே கழற்றி வாங்கி வைத்திருந்தாள்.

“அப்பா, ஞாபகம் தடுமாறுற ஒருத்தர் கையில மோட்டார் ரூம் சாவி இருக்கக் கூடாது. நாலு மாடி ஜனம் ஏறி இறங்குது.”

“மத்ததெல்லாம் நான் கயிறு திரிச்சதுதான், ஒத்துக்கிறேன். இது நிஜம்மா.”

“எல்லாத்துக்கும் அப்படித்தானே சொல்வீங்க.”

வாழ்க்கை முழுக்கப் பொய்யை நிஜம் போலச் சொன்னவனுக்கு, ஒரு நிஜத்தை நிஜம் போலச் சொல்லத் தெரியவில்லையே என்று லிஃப்ட்காரருக்கே வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இந்தக் கதையை மகள் நம்ப மறுத்ததிலிருந்து, நான்கு நாளாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் யோசிக்கிறார்: ஒருவேளை அது நடக்கவே இல்லையோ?

“ஆதாரம் இருக்கா மாப்ளே?” என்றார் மச்சான், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

மனைவியின் அண்ணன் அவர். முப்பத்து மூன்று வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, சந்தைக்குள் நுழைந்தால் தராசுகள் தாமாகவே நேராகிவிடும் என்று பேர் வாங்கியவர். சட்டைப் பையில் இன்றைக்கும் மடக்கு ஸ்கேல் இருக்கும். வானிலைச் செய்தி வாசிக்கும் பெண்ணையே டிவிக்கு முன்னால் நின்று திருத்துவார். குடிக்கிறவர்களைக் கண்டால் ஆகாது. தங்கை கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து வந்த வாசனையை இன்னும் மூக்கில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை லிஃப்ட்காரர் எடுத்துக்கொள்ளும் ஒரு சின்னக் கிளாஸுக்காக இதே மேசையில் அவர் செய்த பிரசங்கங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு பீரோ கொள்ளாது.

“முன்னூறு பேர் நின்னாங்கன்னா, ஒரு சாட்சி கூடவா இல்ல?” என்று மறுபடி கேட்டார்.

“எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தாங்க மச்சான். வீட்டுல காய்கறி வாங்கப் போறேன், மருந்து வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தவங்க. எவன் வந்து சாட்சி சொல்லுவான்?”

சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் மச்சானின் முகத்தை ஒரு கணம் நிதானமாகப் பார்த்தார். மச்சான் சர்க்கரை டப்பாவைப் பார்த்தார்.

“முதல்லேர்ந்து சொல்லுங்க அப்பா. மெதுவா” என்றாள் மகள், நோயாளியிடம் பேசும் குரலில்.

அவருக்கு அது போதும். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

தொற்று பரவிய அந்த வருடம் ஒரு சாயங்காலம், மறுநாள் முதல் மது விற்பனைக்குத் தடை என்று அறிவிப்பு வந்தது. முதல் நாள் கோபம். கடைக் கதவை நான்கு பேர் முறைத்துவிட்டுப் போனார்கள். முதல் வாரம் வதந்தி. ‘நாளைக்குத் திறக்கிறார்கள்’ என்று தினமும் ஒருவர் சத்தியம் செய்தார். இரண்டாம் வாரத்தில் இந்தக் கட்டடத்து ஆண்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கதவு ஜன்னலுக்கெல்லாம் பெயின்ட் அடித்தார்கள். மூன்றாம் வாரம் அடித்த பெயின்ட் மேலேயே வேறு நிறம் அடித்தார்கள். இரண்டாம் மாடிப் பாட்டு வாத்தியார் இருமல் மருந்துக்காகவே இருமப் பழகி, கடைசியில் நிஜமாகவே இருமல் வந்து, அதற்கு மருந்து கிடைக்காமல் தவித்தார். வீட்டுப் பெண்களோ, இந்த ஒரு அறிவிப்பை மட்டும் நிரந்தரமாக்கக் கூடாதா என்று பால்கனிக்குப் பால்கனி பேசிக்கொண்டார்கள். இதையெல்லாம் சொல்லும்போது மனைவி தன்னை அறியாமல் தலையாட்டினாள். இதுவரை எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

“நாப்பத்தி மூணாம் நாள் கடை திறந்தான். அங்கதான் வந்துச்சு வினை.”

கடை இருந்தது நான்கு பக்கமும் தெரு ஓடும் ஒரு சதுரமான கட்டடத் தொகுதியில். மக்கள் இடைவெளி விட்டு நிற்க, முந்தைய நாளே தரையில் சுண்ணாம்பு வட்டம் போட ஒரு ஆளை விட்டிருந்தார்கள். அந்தப் புண்ணியவான் கடை வாசலில் தொடங்கி, ஒவ்வொரு மூலையாகத் திரும்பி, வாளியில் சுண்ணாம்பு மிச்சமிருக்கும்போது நிறுத்த மனமில்லாமல், சுற்றி வந்து மறுபடி கடை வாசலிலேயே முடித்திருந்தார். காலை ஒன்பதுக்கெல்லாம் அத்தனை வட்டமும் நிரம்பிவிட்டது. கூட்டத்தைப் பார்த்து மிரண்ட கடைக்காரர் முன் ஷட்டரைத் தூக்கவே இல்லை. பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து, பிளாஸ்டிக் தாளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். சந்தில் ஜன்னல் திறந்தது வரிசைக்குத் தெரியாது. வரிசை ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

பின் தெருவில் ஒரு போலீஸ்காரர் நின்றார். கடை இருக்கும் திசையே அவருக்குத் தெரியவில்லை. வரிசை தேங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அவர் கால் நிமிடத்துக்கு ஒரு விசில் ஊதினார். விசில் கேட்டதும் எல்லாரும் ஒரு வட்டம் முன்னால் நகர்ந்தார்கள். முதல் வட்டத்தில் நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். கதவு மூடிக் கிடந்தது. ஆறடி தள்ளி இன்னொரு முதுகு தெரிந்தது. முதுகு நகர்ந்தது. அவரும் அதன் பின்னால் நகர்ந்தார். அவ்வளவுதான், வரிசைக்குத் தலை போய்விட்டது.

“சந்தோஷமா நடந்தோம்மா! வரிசை நகருதுன்னா வியாபாரம் நடக்குதுன்னுதானே அர்த்தம்? ‘பரவாயில்லையே, விறுவிறுன்னு கொடுக்கிறானே’ன்னு பின்னாடி நின்னவர் கடைக்காரனைப் பாராட்டுறார். மதில் மேல படுத்திருந்த ஒரு பூனையை ரெண்டாந்தரம் பார்த்தப்பவே எனக்கு உறைச்சுது. ஆனா விட்டுட்டு வெளிய வந்தா இடம் போயிடுமே!”

மகளின் உதட்டோரம் ஒரு தரம் அசைந்தது. உடனே பேனாவை இறுக்கிப் பிடித்தாள். “சரி. எப்படி முடிஞ்சுது?”

“மேல் மாடியில துணி காயப்போட்ட ஒரு அம்மா எட்டிப் பார்த்து, ‘ஏங்க, எல்லாரும் காலையிலேர்ந்து யாரைத் தேடிச் சுத்துறீங்க?’ன்னு கேட்டாங்க. அத்தோட நின்னுது. அப்புறம் யார் முதல் ஆள்னு சண்டை. போலீஸ்காரர் கண்ணை மூடிக்கிட்டு விரலை நீட்டினார். யாரோ ஒருத்தர் மேல விழுந்துச்சு.”

“யார் மேல?”

“யாரோ. மாஸ்க் போட்டிருந்தார்” என்றார் லிஃப்ட்காரர்.

அங்கேதான் அவர் பொய் சொன்னார். அவருக்கு நேர் முன்னால் தொப்பியும் மாஸ்க்குமாக நின்ற ஒரு மனிதர், ஒவ்வொரு வட்டத்திலும் குனிந்து மடக்கு ஸ்கேலை விரித்து, அடுத்த வட்டத்துக்கு எத்தனை அடி என்று அளந்துகொண்டே போனார். உலகத்தில் அப்படி ஒரு ஆள்தான் உண்டு. இரண்டாவது சுற்றில் லிஃப்ட்காரர், “மச்சான்?” என்று மெல்லக் கூப்பிட்டார். தோள்கள் இரண்டும் துள்ளின. திரும்பாமலே குரல் மட்டும் வந்தது: “நீங்க என்னைப் பார்க்கல மாப்ளே.” “பார்க்கல மச்சான்.” அன்று கொடுத்த வாக்கை இத்தனை வருடம் காப்பாற்றி வருகிறார். மச்சான் அதற்குப் பிறகும் இதே மேசையில் பிரசங்கம் செய்தபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார். இன்று மட்டும் எப்படி மீறுவது? ஆனால் சாவியும் கண்ணெதிரே கிடக்கிறதே.

மகள் பேனாவைத் தாளில் வைத்தாள். லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்தார். வாக்குத் தவறாமல் போக ஒரே ஒரு சந்துதான் இருந்தது. அது அவருக்குப் பிறவியிலேயே பழகிய சந்து.

“முன்னூறுன்னா சொன்னேன்? அறுநூறு பேர் இருக்கும்.”

மச்சானின் விரல் சட்டைப் பையைத் தொட்டது.

“அஞ்சு சுத்துன்னு சொன்னது தப்பு. ஏழு. இல்ல, எட்டு!”

மச்சானின் கழுத்தில் ஒரு நரம்பு எழுந்தது.

“அப்பா, போதும்” என்றாள் மகள், கலங்கிப்போய்.

“என்ன போதும்? வட்டத்துக்கு வட்டம் பத்தடி இருந்துச்சும்மா. தாண்டித் தாண்டிப் போனோம். பத்துக்கு ஒரு நூல் குறையாது!”

“பத்தடியா!” மேசையில் அறை விழுந்தது, தேநீர் தளும்பிக் கொட்டியது. “அஞ்சே முக்கால்! ஆறுன்னு போர்டு வச்சிட்டு அஞ்சே முக்கால்தான் போட்டிருந்தான். ஒரு வட்டத்துலயும் ஆறு வரல!”

மகளின் பேனா தாளிலிருந்து எழுந்தது.

“அண்ணா,” என்றாள் மனைவி மெதுவாக, “உனக்கு எப்படித் தெரியும்?”

“பேப்பர்ல போட்டிருந்தான்.”

“முக்கால் கூடவா மாமா?” என்றாள் மகள்.

மச்சான் எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலி நகரவில்லை, லிஃப்ட்காரரின் கால் அதன் மேல் இருந்ததோ என்னவோ. பிறகு அவர் சாவியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கடைசியில், எதிரே தலை குனிந்து, கோப்பைக்குள் மூழ்கிய பிஸ்கட்டைக் கரண்டியால் தேடிக்கொண்டிருந்த தங்கை புருஷனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சாவியை எடுத்து, சர்க்கரை டப்பாவைச் சுற்றி மேசை மேல் தள்ளி, அவர் கோப்பைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

“எட்டு சுத்து இல்ல. ரெண்டே கால்” என்றார். “வட்டம் இருநூத்தி அறுபத்தெட்டு. பூனை இருந்தது நிஜம். சாம்பல் நிறம்.”

“அந்தப் போலீஸ்காரர் விரல்?” என்றாள் மகள். பேனாவை மூடிவிட்டிருந்தாள்.

மேசையில் கொட்டிய தேநீரில் மச்சானின் ஆள்காட்டி விரல் தானாகவே இறங்கியது. ஒரு கோடு இழுத்தது. மூலை திரும்பி, இன்னொரு மூலை திரும்பி, தொடங்கிய இடத்துக்கே ஈரமாக வந்து சேர்ந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்காமல், அந்தச் சதுரத்தின் ஒரு பக்கத்தில், வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அவர் விரலை ஊன்றினார்.

“இங்கதான் நின்னேன்” என்றார் மச்சான். “என் மேலதான் விழுந்துச்சு. எல்லாம் நடந்ததுதான்.”