ஒன்பது மில்லிமீட்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை. என் தங்கையிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. அவள் உத்தரங்களுக்குக் கணக்குப் போடுகிறவள். எந்த உத்தரத்தின்மேல் எவ்வளவு பாரம் ஏறினால் அது எவ்வளவு வளையும் என்று முன்கூட்டியே தாளில் சொல்வது அவள் பிழைப்பு. நானோ கதை எழுதுகிறவன். வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் எழுதிய முதல் தொடக்கம்: "இரும்பு ஒரு பெண்ணின் மனதைப் போல—"

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "கருமம். அதை அடிண்ணா."

அடித்தேன். இரண்டாவது: "அன்று வானம் மப்பும் மந்தாரமுமாக—" நடந்ததெல்லாம் ஒரு நூலகத்துக்குள். வானத்துக்கு அங்கே என்ன வேலை? அதுவும் போயிற்று.

மூன்றாவது: நூலகத்தின் கீழ்க் கூடத்தை இரண்டாகப் பிரித்து நின்ற பழைய சுவரை இடித்துவிட்டார்கள்.

இது இருக்கட்டும். இதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

2

இடித்த சுவர் சும்மா நிற்கவில்லை, மேல்தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக எட்டு மீட்டர் நீளத்தில் ஓர் இரும்பு உத்தரம் வந்தது. கணக்கு என் தங்கையுடையது. மேலே குழந்தைகள் பிரிவு வரப்போகிறது. திறப்பதற்கு முன்னால் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். உத்தரத்துக்கு நேர் மேலே நாற்பது டிரம்; ஒவ்வொன்றிலும் இருநூறு லிட்டர் தண்ணீர். கீழே, உத்தரத்தின் நடுவயிற்றைத் தொட்டபடி ஊசி வைத்த ஓர் அளவுமானி.

"நாற்பதும் நிறைஞ்சா ஒன்பது மில்லிமீட்டர் இறங்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

நூலகர் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வளையக் கூடாதுன்னுதானேம்மா இரும்பு போட்டது?"

"வளையாத உத்தரம் எங்கேயும் கிடையாதுங்க. ஒரே ஒரு புத்தகம் வெச்சாலும் வளையும். சொன்ன அளவு வளையுதா, பாரத்தை எடுத்தா நிமிருதா, அவ்வளவுதான் கேள்வி."

[ஓரக்குறிப்பு: இந்த இரண்டு வரியை ஆறு பக்கத்துக்கு விரித்து எழுதியிருந்தேன். அவள் வெட்டிவிட்டாள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.]

3

இந்தப் பகுதியை எழுதக் கூடாது என்று எனக்குத் தடை. எழுதுகிறேன்.

பாத்திரத்தை நான் சந்தேகப்பட்ட இடம் இது. இவ்வளவு கெட்டிக்காரி, அளவுமானியைப் பொருத்தும்போது கை ஏன் நடுங்க வேண்டும்? கதையில் ஒட்டவில்லையே என்று நடுக்கத்தை எடுத்துவிட்டேன். பிறகு ஞாபகம் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய அலுவலகத்தில் இருந்தாள். ஒரு மாடிப்படிக்கு இதே சோதனை. அளவு கணக்கைவிடக் குறைவாக வந்தது. இவளுக்கு உறுத்தியது. மேலதிகாரி, "கம்மிதானே, நல்லதுதானே!" என்றார். இவள் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதத்தில் படி விரிசல் விட்டது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் பழி முழுக்க இவள் தலையில். அதன் பிறகு தனிப் பொறுப்பில் யாரும் ஒரு வேலைகூடத் தரவில்லை. முதலில் தந்தது இந்த நூலகம்தான். இதுவும் கோணினால், இந்தத் தொழிலையே மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

நடுக்கத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

4

காலை எட்டு மணிக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கியது. டிரம் நிறைய நிறைய ஊசி நகர்ந்தது. பத்துக்கு இரண்டேகால். இருபதுக்கு நாலரை. இருபத்திரண்டாவதில் ஐந்தைத் தொட்டது.

அங்கேயே நின்றுவிட்டது.

முப்பது டிரம், ஐந்து. முப்பத்தைந்து, ஐந்து. நாற்பதும் நிறைந்து தளும்பியது. அப்போதும் ஐந்து!

காண்டிராக்டர் கைதட்டினார். எதற்கெடுத்தாலும் 'செம ஸ்ட்ராங்கு' என்பதால் அவருக்கு ஸ்ட்ராங்கு என்றே பெயர். "பார்த்தீங்களா மேடம்! உங்க கணக்கையே தோற்கடிச்சிருச்சு நம்ம உத்தரம். செம ஸ்ட்ராங்கு!" நூலகர் அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டார். நான் தலைகால் புரியாமல் விசிலடித்தேன். (ஆமாம், நானும் அங்கே இருந்தேன். தண்ணீர்க் குழாயைப் பிடிப்பதற்கு.)

அவள் மட்டும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போடுங்க மேடம். கம்மிதானே, நல்லதுதானே!"

அதே வாக்கியம். ஒரு எழுத்து பிசகாமல் அதே வாக்கியம். கதைக்காக நான் செருகியதில்லை, சத்தியமாக.

அவள் நிமிர்ந்தாள். "இருபத்திரண்டு டிரம் வரைக்கும் சொன்னபடி வளைஞ்சுது. அதுக்கப்புறம் பதினெட்டு டிரம் ஏறியிருக்கு. மூணாயிரத்து அறுநூறு கிலோ. உத்தரம் அசையலை. அப்போ அந்தப் பதினெட்டு டிரம்மை யார் தாங்குறா?"

ஸ்ட்ராங்கு குறுக்கே புகுந்தார்.

"நாளான்னைக்குத் திறப்பு விழா மேடம். ஊரையே கூப்பிட்டாச்சு. கணக்குல ஏதாவது தப்பு இருக்கும்."

"கணக்கு தப்புன்னா நாளைக்கே இந்தத் தொழிலை விட்டுடறேன். கையெழுத்துப் போட மாட்டேன். எல்லாரும் வெளியே போங்க."

அவள் குரல் அவ்வளவு உரக்க எழுந்து நான் கேட்டதே இல்லை.

5

எல்லாரையும் அனுப்பிவிட்டு ஏணியைத் தூக்கினாள். நான் போகவில்லை, ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டாமா? உத்தரம் சரிந்தால் பிடித்துக்கொள்ளக் கீழே முட்டுகள் நிறுத்தியிருந்தார்கள். முதலில் அவற்றைப் பார்த்தாள். எதுவும் தொடவில்லை. அப்புறம் நாளிதழ் அறையின் தடுப்புச் சுவர். உத்தரத்தின் நடுப்பகுதிக்கு அடியில் குறுக்கே ஓடும், அரைச் செங்கல் கனமே உள்ள மெல்லிய சுவர், அஸ்திவாரம்கூட இல்லாமல் தரைமேல் வைத்துக் கட்டியது. சுவருக்கும் உத்தரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லி வரைபடத்தில் எழுதியிருந்தாள். அந்த இடத்தை மறைத்து இப்போது அழகாக ஒரு மரப்பட்டை.

பட்டையைப் பெயர்த்தாள். "ஒரு தாள் குடு."

என் சட்டைப் பையில் இருந்தது ஒரே ஒரு தாள். ஓர் அரசனைப் பற்றிய கதையின் முதல் பக்கம். நான்கு மாத உழைப்பு. கொடுத்தேன். அவள் அதை இடைவெளியில் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. இன்னும் அழுத்தினாள். அரசன் கசங்கினான், உள்ளே போகவில்லை.

சுவரின் பூச்சில், மேலிருந்து கீழாக, ஒரு மயிரிழை விரிசல் ஓடியிருந்தது.

"தண்ணியை இறக்குங்க!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

தண்ணீர் இறங்கிய பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் பெருமையாகத்தான் சொன்னார். "இடைவெளி விட்டா கொத்தனார் அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டான்னு நாலு பேர் பேசுவாங்களேம்மா. மனசு கேட்கலை. சாந்து வெச்சு அடைச்சுட்டேன். கரண்டி நுழையாத அரை சென்டிமீட்டர்தான் மிச்சம். அதுக்கும் பட்டை அடிச்சு மறைச்சுட்டேன்."

அரை சென்டிமீட்டர் என்றால் ஐந்து மில்லிமீட்டர். உத்தரம் ஐந்து இறங்கிச் சுவர்மேல் உட்கார்ந்துவிட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் தினமும் நாற்காலி போட்டு நாளிதழ் படிப்பார்கள்.

ஸ்ட்ராங்கு தலையில் கைவைத்துக்கொண்டார். அப்புறம், யாரும் சொல்லாமலேயே, உளியைத் தானே எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

6

மறுநாள் காலை மறுபடி தண்ணீர். இருபத்திரண்டு: ஐந்து. கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்திமூன்று...

"அசையுது!" என்று கத்தியது நூலகர் அம்மா.

முந்தின நாள் வளையாததற்குக் கைதட்டிய அதே கூட்டம் இப்போது வளைய வளையக் கைதட்டியது. ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டே போனோம். நாற்பதாவது டிரம் நிறைந்தபோது ஊசி ஒன்பதில் நின்றது.

(தங்கை: "எட்டு புள்ளி ஒன்பது. தலைப்பே தப்பு."
நான்: "ஒரு புள்ளியை விட்டுக்கொடேன்."
தங்கை: "படியையும் இப்படித்தான் விட்டுக்கொடுத்தேன்.")

எட்டு புள்ளி ஒன்பது.

ஒரு நாள் முழுக்கப் பாரத்தை அப்படியே வைத்திருந்து, திறப்பு விழாவை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, பிறகு தண்ணீரை இறக்கினார்கள். ஊசி வந்த வழியே திரும்பியது. கடைசி டிரம் காலியானதும் என் தங்கை துள்ளிக் குதித்தாள்.

"பூஜ்யம்! அண்ணா, பூஜ்யம்!"

பூஜ்யம் வாங்கி இப்படிக் கொண்டாடிய ஆளை நான் பார்த்ததில்லை. ஸ்ட்ராங்கு பேனாவை இரண்டு கையாலும் நீட்டினார். கையெழுத்துப் போடும்போது அவள் கை நடுங்கவில்லை.

7

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் பழைய மேலதிகாரி தொலைபேசியில் மன்னிப்புக் கேட்கிறார். ("அவரா? நல்லா கேட்பாரு!" அடித்துவிட்டாள்.) இன்னொன்றில் அவள் தேம்பி அழுகிறாள். ("எழுதிப் பாரேன் நீ.") மூன்றாவதில் சுவரும் உத்தரமும் பேசிக்கொள்கின்றன. அதை நானே கிழித்தேன்.

ஆகவே, நடந்ததை மட்டும் சொல்கிறேன். திறப்பு விழாவன்று நாற்பது பிள்ளைகள் மேல்தளத்துக்கு ஓடினார்கள். கூட்டமும் அவர்கள் பின்னாலேயே ஏறிவிட்டது. கீழ்க் கூடத்தில் என் தங்கை மட்டும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே தடதடவென்று காலடிச் சத்தம். சுவரின் இடைவெளியில் என் கசங்கிய அரசன் இப்போது தாராளமாகப் படுத்திருந்தான். அவள்தான் செருகி வைத்திருந்தாள்.

"என்ன பார்க்கிறே?"

"வளைஞ்சிருக்கு. ஒரு மில்லிக்குக் கொஞ்சம் கம்மி. தெரியலையா?"

எனக்கு உத்தரத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவள் முகம் தெரிந்தது. அதை எழுத உட்கார்ந்து இது பதினோராவது நாள். இவ்வளவுதான் வந்திருக்கிறது; மிச்சத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எதையும் அடிக்க மாட்டேன் என்று தங்கை வாக்குக் கொடுத்திருக்கிறாள்:

"அண்ணாந்து நின்ற அவள் முகத்தில் அப்போது—"